கரையிலிருப்பவர்களும் தண்ணீரிலிருப்பவர்களும்

இங்கிலாந்து தேசத்திலே, அதிலும் விசேஷமாய் லண்டன் பட்டணத்திலே, சில வருஷங்களாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. கால்வாயில் படகைக் கட்டி அந்தப் படகிலேயே பெண்டு பிள்ளைகளுடன் குடித்தனம் செய்கிறவர்கள் ஒரு கட்சி. அந்தக் கால்வாய்க் கரையில் வீடும் மாடியும் வாங்கிக் குடியிருக்கிறவர்கள் எதிர்க்கட்சி. "எங்கள் ஜன்னலுக்கு நேரே படகைக் கட்டாதே, புகை வருகிறது, சத்தம் வருகிறது, அழுக்குச் சேருகிறது" என்பது கரைக்காரர்கள் கூச்சல். "தண்ணீர் பொதுச்சொத்து, நாங்கள் வரி கட்டித்தான் இருக்கிறோம், எங்களை விரட்ட நீங்கள் யார்?" என்பது படகுக்காரர்கள் பதில்.

"இது எங்கேயோ வெள்ளைக்காரன் ஊரில் நடக்கும் சண்டை, இதில் நமக்கென்ன வந்தது?" என்று சிலர் கேட்கக்கூடும். தோழர்களே! சண்டை அவர்களுடையதானாலும் இரு கட்சியாரும் எடுத்துவிடும் வாதங்கள் எல்லாத் தேசத்துக்கும் பொதுவானவை. ஒரு மனிதனைப் பார்த்து, "நீ இங்கே இருக்கக்கூடாது" என்று மற்றொரு மனிதன் சொல்லுவதற்கு என்ன நியாயம் காட்டவேண்டும்? இதுதான் இந்த வழக்கிலுள்ள கேள்வி. ஆகையால் பாரபட்சமின்றி விசாரித்துப் பார்ப்போம்.

முதலில் இந்தக் கால்வாய்கள் எதற்காக வெட்டப்பட்டன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1761இல் பிரிட்ஜ்வாட்டர் பிரபு தமது நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மான்செஸ்டர் நகரத்துக்கு ஒரு கால்வாய் திறந்தார். அதனால் அந்நகரில் கரி விலை பாதியாக இறங்கிற்று என்கிறார்கள். லாபத்தைக் கண்ட முதலாளிகள் தேசமெங்கும் கால்வாய் வெட்டக் கிளம்பினார்கள். லண்டனுக்கு நடுவே போகும் ரீஜெண்ட் கால்வாய் 1820இல் முடிந்தது. அதன் நீளம் 9 மைலுக்குச் சற்றுக் குறைவு. வெட்டினவர்கள் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்ட கூலியாட்கள். நிலக்கரி, மரம், செங்கல் முதலான சரக்குகளை இந்தக் கால்வாய்களில் குதிரை இழுக்கப் படகுகள் சுமந்தன.

பிறகு ரயில் வந்தது. படகுக் கூலி விழுந்தது. கரையில் வாடகை வீடு வைத்துக் கட்டாமல் படகோட்டி தன் மனைவி மக்களையும் படகிலேயே ஏற்றிக்கொண்டான். குறுகிய கால்வாய்களில் ஓடும் படகின் அகலம் 7 அடிதான். பின்பக்கத்தில் சுமார் 10 அடி நீளமுள்ள ஒரு அறை. அதற்குள்ளேதான் அடுப்பு, படுக்கை, பிரசவம், சாவு எல்லாம். சம்பளமில்லாத ஆட்களாக மனைவியும் குழந்தையும் உழைத்தார்கள். இதைக் கண்ட கரைமேல் மக்கள் என்ன சொன்னார்கள்? "எழுத்தறியாதவர்கள், குடிகாரர்கள், ஒழுக்கமற்றவர்கள்" என்றார்கள். ஜார்ஜ் ஸ்மித் என்பவர் 1870களில் இவர்களுடைய நிலைமையை எழுதிக் கிளர்ச்சி செய்ததன் பேரில் 1877லும் 1884லும் சட்டங்கள் பிறந்தன. படகைப் பதிவு செய்யவேண்டும், இன்ன அறையில் இத்தனை பேருக்குமேல் இருக்கக்கூடாது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று ஏற்பட்டது. சட்டம் நல்லதுதான். ஆனால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமென்று சொன்ன சட்டம், நாளைக்கு வேறு ஊருக்கு ஓடவேண்டிய படகிலுள்ள பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் என்பதற்குச் சரியான வழி சொல்லவில்லை. இந்தச் சங்கடம் இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை.

நிற்க, 1948இல் பெரும்பாலான கால்வாய்கள் சர்க்கார் சொத்தாயின. 1960களின் கடைசிக்குள் சரக்குப் போக்குவரத்து அநேகமாய் ஒழிந்துவிட்டது. அந்தக் காலத்தில் கால்வாய் என்றால் நாற்றம். கரையிலுள்ள கட்டிடங்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. பின்னால் கால்வாய்கள் சுத்தம் செய்யப்பட்டு, கிடங்குகள் இருந்த இடத்திலெல்லாம் மாடி வீடுகள் எழும்பின. "தண்ணீரைப் பார்த்த வீடு" என்று சொல்லியே விலையை ஏற்றி விற்றார்கள். ஒரு காலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினவர்கள் இப்போது அதே தண்ணீருக்காகப் பணம் கொட்டிக்கொடுத்து வாங்குகிறார்கள்.

அதே சமயத்தில் லண்டனில் வீட்டு வாடகை கொடுத்து மாளாதவர்களும் படகை நாடினார்கள். லண்டன் கால்வாய்களிலுள்ள படகுகள் 2012இல் 2,000க்குச் சற்று மேல். 2019க்குள் 4,000ஐத் தாண்டிவிட்டன. இவற்றில் அநேகத்துக்கு நிரந்தரமாய்க் கட்டுந்துறை கிடையாது. 1995ஆம் வருஷத்துச் சட்டப்படி, நிரந்தரத் துறையில்லாத படகு ஒரே இடத்தில் 14 நாளைக்குமேல் தங்காமல் போய்க்கொண்டேயிருக்க வேண்டும். சந்தர்ப்பத்தை யொட்டி நியாயமான அளவுக்குக் கூடுதல் நாள் தங்கலாமென்றும் அச்சட்டத்தில் இருக்கிறது. 2012 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமுள்ள சுமார் 2,000 மைல் நீர்வழிகளைக் கால்வாய் ஆறு டிரஸ்டு என்னும் தர்ம ஸ்தாபனம் நிர்வகித்து வருகிறது. படகு வைத்திருப்பவன் அதற்கு லைசென்சுப் பணம் கட்டி, இன்ஷ்யூர் செய்து, படகு பத்திரமானது என்ற சர்ட்டிபிகேட்டும் வாங்கியாக வேண்டும். ஆகவே, "ஒன்றும் கொடுக்காமல் ஓசியில் குடியிருக்கிறார்கள்" என்ற பேச்சு முழுப் புரட்டு.

இனி இருவர் வாதத்தையும் அறிவுக்கல்லில் உரைத்துப் பார்ப்போம்.

படகுக்காரர்களில் சிலர், "இது புராதனமான வாழ்க்கை, 200 வருஷத்துப் பழக்கம், ஆகையால் எங்களைத் தொடக்கூடாது" என்கிறார்கள். இதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். பழமை என்பது ஒரு நியாயமாகாது. இப்போது படகிலிருப்பவர்களில் பெரும்பாலோர் பழைய படகோட்டிகளின் சந்ததியாருமல்லர். அந்தப் பழைய வாழ்க்கையும் பெருமைக்குரியதல்ல. வறுமை பெற்ற பிள்ளை அது. ஒரு மனிதனுக்கு இருக்க இடம் வேண்டுமென்றால், அவன் மனிதன் என்பதே போதுமான காரணம். பாட்டனைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

கரைக்காரர்களோ, "நாங்கள் பெரும்பணம் கொடுத்து வீடு வாங்கியிருக்கிறோம்" என்கிறார்கள். வாங்கியது எதை? சுவரையும் கூரையையும் வாங்கினார்கள். ஜன்னலுக்கு வெளியே தெரிகிற தண்ணீரை எவன் விற்றான், எவன் வாங்கினான்? தன் தோட்டத்துக் கரையிலேயே ஒருவன் சொந்தப் படகைக் கட்டுவதானாலும் டிரஸ்டின் அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்தியே கட்டவேண்டியிருக்கிறது. தன் படகையே இஷ்டம்போல் கட்டப் பாத்தியதையில்லாதவன், அடுத்தவன் படகை அவிழ்த்துவிட எந்தப் பாத்தியதையைக் காட்டுவான்?

அன்றியும், "படகு இருக்கட்டும், ஆனால் இங்கே வேண்டாம்" என்கிறார்களே, இதை எல்லோரும் சொன்னால் என்னவாகும்? சட்டம் 14 நாளில் நகரு என்கிறது. நகர்ந்து போய்ச் சேரும் இடத்திலும் ஒரு கரை உண்டு. அந்தக் கரையிலும் ஒரு ஜன்னல் உண்டு. அந்த ஜன்னல்காரரும் "இங்கே வேண்டாம்" என்றால் படகு பறக்குமா? எல்லா இடத்திலும் சொல்லக்கூடிய நியாயமா என்று பார்த்தால்தான் ஒரு நியாயத்தின் யோக்கியதை விளங்கும். "என் வாசலில் மட்டும் வேண்டாம்" என்பதை எல்லா வாசலிலும் எழுதி ஒட்டினால், "நீ உலகத்திலேயே வேண்டாம்" என்றுதான் அதற்கு அர்த்தமாகும்.

ஆனால் கரைக்காரர் குறைகள் யாவும் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. புகை மெய்யானது. குளிர்காலத்தில் கரியும் விறகும் எரிக்கும் படகு அடுப்பின் கூண்டு, பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் கீழேதான் இருக்கிறது. அந்த வீட்டில் இருமல்காரக் கிழவரோ, கைக்குழந்தையோ இருந்தால் அவர்கள் படுவது கற்பனையல்ல. வீடுகளுக்குள்ள புகைத் தடைச் சட்டத்திலிருந்து படகுகளுக்கு நெடுங்காலம் விலக்கு இருந்தது. 2021ஆம் வருஷத்துச் சட்டம்தான், உள்ளூர் சபைகள் விரும்பினால் கட்டியிருக்கும் படகுகளையும் அந்தத் தடைக்குள் கொண்டுவரலாம் என்று செய்தது. இது தவறென்று சொல்ல முடியாது. புகை யார் மூக்கில் ஏறினாலும் புகைதான். ஆனால் அனுமதித்த அடுப்பானாலும் தன் வீட்டு வரவேற்பறையில் அலங்காரத்துக்காக விறகு எரிக்கும் கனவான், குளிருக்கு எரிக்கும் படகுக்காரனை மாத்திரம் குற்றவாளி என்றால், அவருக்கு வெறுப்பு புகைமேலா, மனிதன்மேலா என்று கேட்க வேண்டியதாகும்.

சத்தமும் மெய்யானதே. மின்சாரமில்லாத படகு தன் எஞ்சினை ஓட்டித்தான் பாட்டரியை நிரப்பவேண்டும். இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை பிற படகுகளுக்கும் வீடுகளுக்கும் அருகே எஞ்சின் ஓட்டக்கூடாது என்பது டிரஸ்டின் விதி. இதை மீறுகிற படகுக்காரன் கரைக்காரனுக்கு மாத்திரமல்ல, தன் கட்சிக்கே துரோகம் செய்கிறவன். இரவு 11 மணிக்கு எஞ்சின் ஓட்டுகிற ஒருவனைக் காட்டித்தானே, ஒழுங்காயிருக்கும் நூறு பேரையும் விரட்டப் பார்க்கிறார்கள்? வாரக்கணக்கில் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிற படகுக்கு இடங்கொடாதவனும் அப்படியே.

ஆனால் இந்தக் குறைகளுக்கு வேர் எங்கேயிருக்கிறது? மின்சாரக் கம்பம் இருந்தால் எஞ்சின் எதற்கு? குப்பைத்தொட்டியும் மலத்தொட்டியைக் காலிசெய்யும் இடமும் போதுமான அளவு இருந்தால் அழுக்கு எதற்கு? ரீஜெண்ட் கால்வாயில் இஸ்லிங்டன் பகுதியில் உள்ளூர் சபையும் டிரஸ்டும் சேர்ந்து படகுகளுக்கு மின்சார இணைப்பு வைத்து, அங்கே எஞ்சினும் புகையும் வேண்டாம் என்று ஏற்பாடு செய்திருக்கின்றன. இருவருக்கும் சௌகரியமான காரியம் இதுவே. ஒரு கம்பம் நட்டால் தீரக்கூடிய வழக்குக்காக ஒரு குடும்பத்தைக் கிளப்புவது அறிவுடைமையாகுமா?

பணம் எங்கே என்று கேட்பார்கள். 2027ஆம் வருஷத்துக்குப் பிறகு 10 வருஷத்துக்கு டிரஸ்டுக்குச் சுமார் 40 கோடி பவுன்தான் கொடுப்பதாக 2023இல் சர்க்கார் சொல்லிவிட்டது. விலைவாசியைக் கணக்கிட்டால் இது 30 கோடி பவுனுக்குமேல் குறைப்பு என்று டிரஸ்டு முறையிட்டது. அந்தத் துண்டை எப்படி நிரப்பப் பார்த்தார்கள்? நிரந்தரத் துறையில்லாத படகுகளுக்கு 2024 ஏப்ரல் முதல் லைசென்சுக்கு மேல் ஒரு உபரிக் கட்டணம் விதித்தார்கள். அது வருஷா வருஷம் ஏறி, 2028இல் நூற்றுக்கு 25 ஆகும்படி திட்டம். அதாவது, எவனுக்குக் கட்ட இடமில்லையோ அவனே அதிகம் கட்டவேண்டும்! படகுகளும் தண்ணீரும் கண்ணுக்கு அழகாயிருப்பதனால் தன் வீட்டு விலை ஏறிக் கொழுத்தவன், அந்தத் தண்ணீரைக் காப்பாற்ற என்ன கொடுக்கிறான்? வரப்பை வெட்டிச் சரிசெய்கிறவனிடம் வரி. நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவனுக்கு விலக்கு. இந்த அநியாயத்தைப் பற்றிச் சண்டையிட வேண்டிய இருவரும், அதை விட்டுவிட்டு, ஒருவரையொருவர் கடித்துக்கொள்ளுகிறார்கள். செலவைக் குறைத்தவன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இதற்கெல்லாம் அடியில் மற்றொரு எண்ணமும் இருக்கிறது. கதவில் இலக்கம் போட்ட வீடு உள்ளவனே மனிதன். இலக்கமில்லாதவன் நாடோடி, சந்தேகத்துக்குரியவன் என்ற எண்ணம் அது. விலாசமில்லாததால் வைத்தியரிடத்திலும் பள்ளிக்கூடத்திலும் உத்தியோக சாலையிலும் படகுக்காரன் படுகிற பாடு கொஞ்சமல்ல. மனிதனுக்காக விலாசமா, விலாசத்துக்காக மனிதனா? கடிதம் வந்து சேருவதற்காக ஏற்பட்ட ஓர் இலக்கத்தை மனிதனுடைய யோக்கியதைக்கு அளவுகோலாக்கிவிட்டால், அதைவிடப் பெரிய மூட நம்பிக்கை வேறு என்ன இருக்கிறது?

ஆகவே நமது அபிப்பிராயம் இதுவாகும். தண்ணீர் பொது, ஆகையால் அதில் இருக்கும் உரிமையும் பொது, அதைக் கெடுக்காதிருக்கும் கடமையும் பொது. புகை, சத்தம், அழுக்கு ஆகிய தீங்குகளைத் தடுக்க விதி இருக்கட்டும். அந்த விதி வீட்டுக்கும் படகுக்கும் ஒன்றாயிருக்கட்டும். விதியை நடத்திவைக்க வேண்டிய சௌகரியங்களை முதலில் செய்து கொடுக்கட்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் நோயாளியும் உள்ள படகுக்கு, சட்டம் தானே கொடுத்திருக்கும் கூடுதல் நாளைத் தாராளமாய்க் கொடுக்கட்டும். இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கரைக்காரர், "அப்படியும் எனக்குப் படகு பிடிக்கவில்லை" என்றால், தம்முடைய ஜன்னலுக்கு ஒரு திரை வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும். ஒரு திரையின் விலை ஒரு குடும்பத்தின் இருப்பிடத்தைவிட மிகவும் மலிவு என்பதை எந்த அறிவுள்ள மனிதனும் ஒப்புக்கொள்வான்.