பள்ளிக்கூடத்துக்கு மாணவர்கள் மார்க் போடலாமா?

காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று வருடத்துக்கு மூன்று முறை பள்ளிக்கூடம் மாணவனுக்கு மார்க் போடுகிறது. அதே மாணவன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு முறை மார்க் போட்டால் என்ன?

கிறிஸ்தவப் பள்ளிகள் சிலவற்றில் இப்படி ஒரு பழக்கம் உண்டு. மேல் வகுப்பு மாணவர்களைக் குழுக்களாக உட்கார வைத்து, ஒரு சார்ட்டைக் கொடுத்து, பள்ளியின் நிறை குறைகளை எழுதச் சொல்கிறார்கள். வணிகவியல் படிக்கும் நண்பர்களுக்கு இது பழகிய சமாச்சாரம்தான். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போடும் 'ஸ்வாட்' முறை. நாக் குழுவின் மதிப்பீட்டுக்குப் போகும் கல்லூரிகளும் தங்கள் பலம், பலவீனத்தைத் தாங்களே எழுதிக் கொடுக்கின்றன. ஆனால் அதை எழுதுவது பெரும்பாலும் பேராசிரியர்கள். இங்கே எழுதுவது பிள்ளைகள். அதுதான் இதன் சிறப்பு.

"சின்னப் பசங்களுக்கு என்ன தெரியும்?" என்று சிலர் கேட்பார்கள். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்கிறது ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு. இந்தியா 1992-இல் அந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அதைவிட எளிய காரணம் ஒன்று இருக்கிறது. மதியம் 2 மணிக்கு மாணவர் கழிவறை எப்படி இருக்கும் என்பது தாளாளரைவிட ஏழாம் வகுப்புப் பையனுக்கு நன்றாகத் தெரியும்!

சரி, சார்ட்டில் என்ன வரும்? பலம் என்றால் பெரிய மைதானம், நூலகம், அக்கறையான ஆசிரியர்கள். பலவீனம் என்றால் கழிவறை, குடிதண்ணீர், பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வது. ஒரு வார்த்தை மட்டும் இரண்டு பக்கமும் வரும்: 'ஒழுக்கம்'. முதல் ரேங்க் மாணவனுக்கு அது பாதுகாப்பு. தாமதமாக வந்ததற்காக வெயிலில் நின்றவனுக்கு அது பயம். இருவர் சொல்வதும் உண்மை. ஓட்டெடுத்து ஒன்றை அடித்துவிட்டால் உண்மையில் பாதி போய்விடும்.

அதனால் குழுவில் யார் யார் உட்காருகிறார்கள் என்பதே முதல் கேள்வி. வகுப்புத் தலைவனும் அவன் நண்பர்களும் மட்டும் உட்கார்ந்தால் வருவது பாராட்டுப் பத்திரம். விடுதி மாணவர், கடைசி பெஞ்சு மாணவர், தமிழ் வழியில் படிப்பவர், கட்டணம் கட்டச் சிரமப்படும் வீட்டுப் பிள்ளை, எல்லோரும் இருக்க வேண்டும்.

கிறிஸ்தவப் பள்ளியில் இன்னொரு விஷயமும் உண்டு. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட பல பள்ளிகளில் மற்ற மத மாணவர்களே அதிகம். சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு தருகிறது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற நிறுவனத்தில், சம்மதம் இல்லாமல் யாரையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்க வைக்கக் கூடாது என்று 28-ஆவது பிரிவு சொல்கிறது. மைனர் பிள்ளை என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். கத்தோலிக்கப் பள்ளிகளில் தங்கள் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி என்று வகுப்பைப் பிரிப்பது இதற்கு ஒரு நல்ல வழி. காலை ஜெபத்தில் அந்தப் பிள்ளைகள் எப்படி உணர்கிறார்கள் என்பதை அவர்கள் வாயால்தான் கேட்க வேண்டும். 'எங்களை வித்தியாசமாகப் பார்க்கவே இல்லை' என்று அவர்கள் எழுதினால், அதைவிடப் பெரிய பலம் வேறு இல்லை.

எந்த அளவுகோலால் அளப்பது? நூறு சதவீதத் தேர்ச்சி என்ற அளவுகோல் எல்லாப் பள்ளிக்கும் பொது. கிறிஸ்தவப் பள்ளிக்கு அதன் வரலாறே ஒரு அளவுகோல் தந்திருக்கிறது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் சில ஆண்டுகளிலேயே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்கும் அதில் வழி இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தியவர் பிளாரன்ஸ் சுவைன்சன் என்ற மிஷனரிப் பெண்மணி. மற்றவர்கள் கதவைச் சாத்திய இடத்தில் கதவைத் திறந்ததுதான் இந்தப் பள்ளிகளின் பெருமை. அப்படியானால் பத்தாம் வகுப்பு ரிசல்ட் கெட்டுவிடும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பப்படும் பிள்ளை எந்தக் கட்டத்தில் வருவான்? குழுவில் உட்கார அவன் பள்ளியிலேயே இல்லை. அவனுக்காக மற்றவர்கள்தான் எழுத வேண்டும்.

இந்த முயற்சி வெற்றி பெற மூன்று விஷயம் போதும்.

1. எழுதும்போது ஆசிரியர் அறையில் இருக்கக் கூடாது. சார்ட்டில் பெயரும் வேண்டாம்.

2. குழுவை மாணவர்களே பிரித்துக்கொள்ளாமல், சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும்.

3. ஒரு மாதத்துக்குள் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். எதை உடனே செய்வோம், எதற்குக் காலம் பிடிக்கும், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று.

மூன்றாவதுதான் முக்கியம். பதில் வராவிட்டால் அடுத்த வருடம் பிள்ளைகள் 'எல்லாம் நன்று' என்று எழுதிவிட்டுப் போவார்கள். பேசிப் பயனில்லை என்ற பாடத்தைப் பள்ளியே கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும்.

நற்கருணை வாங்கும் முன் ஒவ்வொருவரும் தன்னைத்தானே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் மதம் கிறிஸ்தவம். தனி மனிதனிடம் கேட்பதை அதன் பள்ளிக்கூடமும் செய்வதில் என்ன தவறு? குறை சொல்லும் பிள்ளை பள்ளிக்குப் பகைவன் இல்லை. அது சரியாகும் என்று நம்புவதால்தான் சொல்கிறான். அந்த நம்பிக்கை இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

நீங்கள் படித்த பள்ளி உங்கள் கையில் ஒரு சார்ட்டைக் கொடுத்திருந்தால், முதல் வரியாக என்ன எழுதியிருப்பீர்கள்?