ஊர் ஓட்டில் நீதி வருமா?

'நீதிபதிகளை நீதிபதிகளே நியமித்துக்கொள்வது என்ன நியாயம்? கட்சி சாராத தேர்தல் வைத்து மக்களே தேர்ந்தெடுக்கட்டும்' என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். கோபம் நியாயமானது. 1993 தீர்ப்பிலிருந்து நியமனம் கொலீஜியத்தின் கையில். 2010இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் ஓய்வுபெற்றார், 2019இல் பி.ஆர்.கவாய் வரும்வரை உச்ச நீதிமன்றத்தில் ஒரு தலித் நீதிபதிகூட இல்லை. ஒன்பது வருஷம் நம்மாளு ஒருத்தர்கூடவா அவங்க கண்ணுல படல?

ஆனால் தேர்தல்தான் இதற்கு மருந்தா? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைப் பாருங்கள். அங்கே கட்சிப் பெயர் இல்லாத வாக்குச்சீட்டில்தான் நீதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநில உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி லூயிஸ் பட்லர். 2004இல் ஆளுநர் நியமித்தவர். 2008இல் மக்கள் ஓட்டுக்கு நின்றார். எதிர் வேட்பாளரின் தொலைக்காட்சி விளம்பரத்தில், பட்லர் முகத்துக்குப் பக்கத்திலேயே பாலியல் குற்றவாளியான ஒரு கறுப்பரின் முகம். ஏழைகளுக்கு அரசு தரும் வக்கீலாக இருந்தபோது அந்த ஆளுக்காக வாதாடியதுதான் பட்லர் செய்த 'குற்றம்'. அவர் தோற்றார். சீட்டில் கட்சி இல்லை, நிறம் இருந்தது.

லூசியானாவில் வேறு கதை. கறுப்பினத்தவர் அதிகமுள்ள நியூ ஆர்லியன்ஸை, வெள்ளையர் அதிகமுள்ள பகுதிகளோடு ஒரே தொகுதியாகக் கட்டி வைத்திருந்தார்கள். கறுப்பின வாக்காளர்கள் வழக்குப் போட்டார்கள். வாக்குரிமைச் சட்டம் நீதிபதி தேர்தலுக்கும் பொருந்தும் என்று 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பின் ஏற்பட்ட உடன்பாட்டின் வழியில் 1994இல் பெர்னட் ஜான்சன் நீதிபதியானார். 2013இல் மாநிலத்தின் தலைமை நீதிபதியானார்.

யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. நமக்கு இது புதுசா? 1932இல் அண்ணல் கேட்டது தனி வாக்காளர் தொகுதி. பூனாவில் கிடைத்தது கூட்டுத் தொகுதி. வேட்பாளர் சேரிக்காரர், வெற்றியோ ஊர் கையில். நீதிபதியையும் இப்படித் தேர்ந்தெடுத்தால் என்னாகும்? சேரியைக் கொளுத்தியவன் வீட்டு வாசலில் நின்று ஓட்டுக் கேட்டவர்தான், நாளைக்கு வன்கொடுமை வழக்கில் தீர்ப்பு எழுதுவார்.

மூடிய அறையும் வேண்டாம், ஊர் ஓட்டும் வேண்டாம். உயர் நீதிமன்றங்களிலும் உச்ச நீதிமன்றத்திலும் இடஒதுக்கீடு வேண்டும். யாரை, எதற்காக எடுத்தார்கள், யாரைத் தள்ளினார்கள் என்பது வெளியே வரவேண்டும்.

நீதி கேட்டு நெடுங்காலமாய் வாசலில் நிற்கிறோம், தோழர்களே. இனி நாற்காலியையும் கேட்போம்.