நிலத்துக்குக் கீழே "சும்மா" கிடைக்கும் இடம்

வெள்ளவத்தையில் பத்து பேர்ச் காணி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கடைக்கு வந்தார். பழைய கட்டடத்தை உடைத்துவிட்டு ஆறு மாடி எழுப்பப் போகிறாராம். "நானா, கீழேயும் ரெண்டு தட்டு இறக்கினா வாகனத்துக்கும் ஸ்டோருக்கும் இடம் சும்மா கெடைக்குமே" என்றார். சும்மா என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம்.

காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என் கடைக்குப் பின்புறக் காணியில் ஒருவர் இப்படித்தான் தோண்டினார். இரும்புத் தகடுகளை அடித்து இறக்கி, இரவு பகலாக மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைத்தார்கள். இரண்டே மாதத்தில் என் சுவரில் விரல் நுழையும் வெடிப்பு. ஷட்டர் பாதியில் நின்றது. கேட்கப் போனால், "அது முந்தியே இருந்த வெடிப்பு" என்றார்கள். இல்லை என்று காட்ட என்னிடம் ஒரு போட்டோ கூட இருக்கவில்லை.

பக்கத்துக் காணியில் நீரை இறைத்தால் நம் காணியின் கீழுள்ள நீரும் இறங்கும். நீர் இறங்கினால் மண் அமுங்கும். கொழும்பின் தாழ்நிலங்களில் உள்ள கறுத்த சேற்று மண் இதில் மிக மோசமானது.

இதற்குத்தான் டயப்ரம் சுவர் என்ற முறை வந்தது. 1950களில் இத்தாலியின் மிலான் நகரத்து நிலக்கீழ் ரயில் பாதை வேலையில் பேர் பெற்றது. குழியைத் தோண்ட முன்பே சுவரைக் கட்டிவிடுகிறார்கள். ஒடுங்கிய அகழியைத் துண்டு துண்டாகத் தோண்டும்போது பென்டனைட் என்ற களிமண் கரைசலை நிரப்பி வைப்பார்கள். மண் சரியாமல் அது தாங்கும். பிறகு கம்பிக்கூட்டை இறக்கி, குழாய் வழியாக அடியிலிருந்து கொங்கிறீட் ஊற்றினால் கரைசல் மேலே வந்துவிடும். அடித்து இறக்கும் அதிர்வு இல்லை. நீர் புகாத மண் அல்லது பாறை வரை சுவர் இறங்கினால் வெளிநீரும் அவ்வளவாக உள்ளே வராது. நியூயோர்க்கில் உலக வர்த்தக மையத்தின் அடியில் கட்டிய இப்படியான சுவர், 2001இல் கோபுரங்கள் விழுந்த பின்னரும் உடைந்து போகாமல் வெளிநீரைத் தடுத்து நின்றது.

அப்படியானால் காசைக் கொடுத்து இதையே போட்டால் முடிந்ததா? இல்லை. ஜேர்மனியின் கொலோன் நகரில் நடந்ததைப் பாருங்கள். 2009 மார்ச் 3ஆந் திகதி நகர ஆவணக் காப்பகம் சில நிமிடங்களில் சரிந்தது. பக்கத்து வீடுகளும் விழுந்தன, இருவர் இறந்தார்கள். பக்கத்தில் தோண்டிய ரயில் பாதைக் குழிக்கு டயப்ரம் சுவர்தான் கட்டியிருந்தார்கள். ஒரு துண்டில் பெரிய கல் குறுக்கிட, அதை ஒழுங்காக அகற்றாமலே வேலையைத் தொடர்ந்ததால் சுவரில் ஓட்டை விழுந்தது. அதன் வழியாக நீரும் மணலும் குழிக்குள் ஓடின. விசாரித்தபோது சுவருக்குள் வைக்கவேண்டிய இரும்பு வளையங்களில் ஒரு பகுதி பழைய இரும்புக்கு விலைபோயிருந்ததும் தெரியவந்தது. சரிவுக்குக் காரணம் அதுவல்லவாம். ஆனாலும், நம்மூர்க் கொந்தராத்துக்காரரைத் திட்டும்போது ஜேர்மனியையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

இனி நண்பரின் கணக்கு. பத்து பேர்ச் என்றால் ஏறக்குறைய 2,720 சதுர அடி. சதுரமாக வைத்தால் பக்கத்துக்கு 52 அடி. இரண்டடி தடிப்பில் நான்கு பக்கமும் சுவர் வந்தால் உள்ளே 48 அடிதான் மிச்சம். சுமார் 400 சதுர அடி, ஒன்றரை பேர்ச், சுவருக்கே போய்விடும். வாகனம் இறங்கும் சரிவுப் பாதையையும் கழித்தால் எத்தனை கார் நிற்கும்? அகழி தோண்டும் இயந்திரம், கரைசல் தொட்டி, கம்பிக்கூடு எல்லாவற்றுக்கும் அந்தக் காணியில் இடமே இல்லை. இது பெரிய காணிக்காரருக்கான வேலை. சிறிய காணிக்கு ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் கொங்கிறீட் தூண் வரிசை ஓரளவு பொருந்தும். அதுவும் மலிவல்ல.

நண்பரிடம் இரண்டு காரியம் சொன்னேன். முதலில் துளையிட்டு மண் பரிசோதனை செய்யுங்கள். அடுத்து, தோண்ட முன் பக்கத்துக் கட்டடங்களின் வெடிப்புகளை உரிமையாளரையும் வைத்துக்கொண்டு படமெடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். காப்புறுதியில் மூன்றாம் தரப்புச் சேதமும் இருக்கிறதா என்று பாருங்கள். "என்ன நானா, பக்கத்துக் கடைக்காரர் பக்கம் பேசுறீங்க" என்றார்.

நான் பக்கத்துக் கடைக்காரனாக இருந்தவன்தானே. நேற்று கோல் எடுத்தார். மண் பரிசோதனைக்கு ஆள் பிடித்துவிட்டாராம், ஒரு தட்டோடு நிறுத்தலாமா என்றும் யோசிக்கிறாராம்.