கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அன்று நள்ளிரவு, சிறுநீர் கழிக்க எழுந்த பெரியவர் டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடித்தபடி நான்கடி நடக்கிறார், வழுக்கி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. எந்த நோய்க்காக வந்தாரோ அது குணமான பிறகு, வராத ஒரு நோயுடன் மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கிறார். இப்படி ஒரு செய்தி காதில் விழும்போதெல்லாம் "விதி" என்கிறோம்; "வயசாயிடுச்சு, என்ன பண்றது" என்கிறோம்; அல்லது "சிஸ்டர் கவனிக்கலை" என்று ஒருவர் மேல் பழியைப் போடுகிறோம். இந்த மூன்று பதில்களும் நம் பங்கை நாமே கழற்றிவிடும் பதில்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். மரண விகிதம் மிக அதிகமாக இருப்பது 60 வயதைக் கடந்தவர்களிடம். தமிழ்நாட்டிலோ 2021ஆம் ஆண்டுக்கான கணிப்பின்படி மக்கள்தொகையில் சுமார் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். நம் வார்டுகளில் படுத்திருப்பவர்களில் முதியவர்களின் பங்கு இனி கூடுமே தவிரக் குறையாது.

மருத்துவமனையில் விழும் ஆபத்து வீட்டைவிட அதிகமாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. இடம் புதிது, கட்டில் உயரம், இரவு வெளிச்சம் போதாது. நோயாலும் பட்டினியாலும் கால்கள் தளர்ந்திருக்கும். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். தூக்க மாத்திரை தள்ளாட வைக்கும். மாலையில் கொடுக்கும் நீர் மாத்திரை இரவில் இரண்டு மூன்று முறை எழுப்பும். முதியவர்கள் மட்டும் இதில் சிக்குவதில்லை. பிரசவத்துக்குப் பின் முதல்முறை எழுந்து நிற்கும் பெண்ணும், மயக்க மருந்து முழுதும் தெளியாத நாற்பது வயதுக்காரரும், டயாலிசிஸ் முடிந்து இறங்குபவரும், சர்க்கரை தாழ்ந்துபோனவரும் இதே ஆபத்தில்தான் இருக்கிறார்கள்.

யார் விழக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்க முடியும். செவிலியல் ஆய்வாளர் ஜானிஸ் மோர்ஸ் 1980களில் வகுத்த அளவுகோல் இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. முன்பு விழுந்ததுண்டா, வேறு நோய் உண்டா, கைத்தடியோ வாக்கரோ தேவையா, கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கிறதா, நடை எப்படி, தன் உடல் நிலை தனக்குப் புரிகிறதா என்ற ஆறு கேள்விகள்தான். சில நிமிடங்கள் போதும். ஆனால் மதிப்பெண் போட்டு கேஸ் ஷீட்டில் எழுதி வைப்பதால் மட்டும் யாரும் காப்பாற்றப்படுவதில்லை.

ஆஸ்திரேலியாவில் 24 வார்டுகளில் நடந்து, 2016இல் வெளியான ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. ஆபத்தைக் கணித்தார்கள், தலைமாட்டில் எச்சரிக்கைப் பலகை மாட்டினார்கள், தாழ்வான கட்டிலும் எழுந்தால் ஒலிக்கும் மணியும் வைத்தார்கள், விழுவது குறையவில்லை. பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் 14 வார்டுகளில் வேறு வழியை முயன்றார்கள். நோயாளியையும் குடும்பத்தாரையும் உட்கார வைத்து, இவர் ஏன் விழக்கூடும், அதற்கு என்ன செய்வோம் என்று நர்ஸ் அவர்களோடு பேசித் திட்டம் வகுத்து அதைப் படுக்கையருகே மாட்டினார். 2020இல் வெளியான முடிவு: விழுவது 15 சதவீதம் குறைந்தது, விழுந்து காயப்படுவது 34 சதவீதம் குறைந்தது. விலையுயர்ந்த கருவி சாதிக்காததைக் கூடிப் பேசியது சாதித்தது.

இந்த வழி நமக்கு எளிதாக இருக்க வேண்டும். நம் ஊர் வார்டில் அநேகமாக ஒவ்வொரு கட்டிலுக்கும் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் ஒரு மகளோ மருமகனோ உண்டு. மருந்து வாங்குவதற்கும் ரத்தம் கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் அவர்களை ஓட விடுகிறோம். பிடித்து எழுப்புவது எப்படி என்று எத்தனை மருத்துவமனைகள் கற்றுக்கொடுக்கின்றன? கற்க வேண்டியதோ கொஞ்சம்தான். எழுந்தவுடன் நடக்கக் கூடாது. கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்கார வேண்டும். தலை சுற்றவில்லை என்றால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதன் பிறகே அடி வைக்க வேண்டும். தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம். வேட்டியும் சேலையும் கணுக்காலுக்கு மேல் இருக்கட்டும். துணைக்கு இருப்பவர் வெளியே போனால் சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

நோயாளிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. "பாவம், பிள்ளை அசந்து தூங்குது, எழுப்புவானேன்" என்று தனியாக எழுந்து போகும் தாய்மார்கள் நம்மிடம் அதிகம். அந்தப் பாசத்தை மதிக்கிறோம். ஆனால் எலும்பு முறிந்தால் அந்தப் பிள்ளை பல மாதம் தூங்க முடியாது. கூப்பிடுவது தொந்தரவு அல்ல என்பதை நோயாளியிடம் நாள்தோறும் சொல்ல வேண்டியவர்கள் நாம். கூப்பிட்டவரிடம் முகம் சுளிக்காமல் இருப்பதும் நம் கடமை.

டாக்டர் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்ல வேண்டும்; மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் மருந்துகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும். துப்புரவுப் பணியாளர் தரை துடைத்தால் அது உலரும்வரை ஆள் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கழிவறையில் கைப்பிடிக் கம்பி, உட்காரும் வகைக் கழிப்பறை, இரவு விளக்கு, கட்டிலின் சக்கரத்துக்கு வேலை செய்யும் பிரேக் ஆகியவை நிர்வாகத்தின் கணக்கில் வருபவை. பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம் 2007, மாவட்ட மருத்துவமனைகளில் முதியோருக்கெனத் தனி வசதி வேண்டும் என்கிறது. அந்த வசதி கழிவறையிலிருந்து தொடங்கட்டும். இரவுப் பணிக்குப் போதுமான நர்ஸ்களை நியமிப்பது அரசின் பங்கு. ஒரே ஆள் வார்டின் இரு முனைகளிலும் நிற்க முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. விழக் கூடாது என்பதற்காகக் கையைக் கட்டிப்போடுவதும், எழவே விடாமல் படுக்க வைப்பதும் பாதுகாப்பு ஆகாது. பக்கக் கம்பியை ஏறித் தாண்ட முயல்பவர் இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், மருத்துவமனையில் விழுந்து ஏற்பட்ட காயத்துக்குக் கூடுதல் கட்டணம் தருவதை 2008 அக்டோபரில் நிறுத்தியது. அதற்குப் பின், தண்டனைக்கு அஞ்சி நோயாளிகளை நடக்கவே விடாத போக்கு வளர்வதாக முதியோர் மருத்துவர்களே கவலை தெரிவித்தார்கள். படுத்தே கிடந்தால் தசை கரையும். நாளைக்கு விழுவது உறுதியாகும். பகலில் துணையோடு நடக்க வைப்பதும் மருத்துவம்தான்.

விழுந்தவுடன் நர்ஸுக்கு மெமோ கொடுக்கும் மருத்துவமனையில் அடுத்த முறை விழுவது மறைக்கப்படும். மறைத்தால் எந்த இடத்தில், எந்த நேரத்தில், ஏன் விழுந்தார் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு விழுதலும் அச்சமின்றிப் பதிவாக வேண்டும். மறுநாளே எல்லோரும் கூடி அதைப் பேச வேண்டும். வார்டில் சண்டைக்குப் போகும் உறவினர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். கேள்வி கேட்பது உங்கள் உரிமை. "யார் செய்தது" என்பதோடு "எப்படி நேர்ந்தது" என்றும் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகும் ஆபத்து தொடர்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. அப்படி வருபவர்கள் வீட்டுக் குளியலறையையும் வாசற்படியையும் பார்த்து ஆலோசனை சொல்லும் வழக்கம் உருவாக வேண்டும்.

எல்லா மருத்துவமனைகளும், அரசுடையதானாலும் தனியாருடையதானாலும், ஒன்றை ஏற்கலாம். சேர்ந்த முதல் நாளே, தமிழில் ஒரு தாள். இவர் ஏன் விழக்கூடும், எழும்போது என்ன உதவி வேண்டும், இன்றிரவு துணைக்கு யார் என்ற மூன்று விவரங்கள். நோயாளி, உறவினர், நர்ஸ் மூவரும் பேசி அதை நிரப்பட்டும். துணைக்கு ஆள் இல்லாதவரின் தாளில் அந்த இடத்தை மருத்துவமனை நிரப்பட்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு தாளும் பத்து நிமிடமும். ஒரு முறிந்த இடுப்புக்கு ஒரு குடும்பம் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால், இதைத் தள்ளிப்போட யாரிடமும் நியாயம் இல்லை.