குஞ்சு மீனுக்கு அவசரம் ஆகாது



வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள், "அம்மா, கப்பி குட்டி போட்டிருக்கு!" என்று கூவிக்கொண்டு ஓடி வருவார்கள். அன்று நாம் என்ன சொல்கிறோம் என்பதில்தான் அந்தக் குஞ்சுகளின் உயிர் இருக்கிறது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் மகன் மூன்றாம் ஆண்டு படித்தபோது நடந்தது இது. எங்கள் கப்பி இருபத்திரண்டு குஞ்சுகள் போட்டது. அவனே எண்ணி, ஒரு பேசினில் தனியாக விட்டு, பள்ளி விட்டு வந்ததும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். பத்தாம் நாள் தீபாவளிக்கு வீடு கழுவ எனக்குப் பேசின் தேவைப்பட்டது. "மீனோடு மீனாக வளரட்டும், தொட்டியிலே ஊற்றிவிடு" என்றேன். அந்தத் தொட்டியில் இரண்டு ஏஞ்சல் மீன்கள் இருந்தன. மறுநாள் காலையில் மிச்சம் மூன்று குஞ்சுகள். பையன் அழவில்லை. "நீங்கதானேம்மா ஊத்தச் சொன்னீங்க" என்று மட்டும் கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகவே, நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாதிருக்க இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

கப்பியின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் வட பகுதியும் டிரினிடாட் தீவும். அத்தீவில் வாழ்ந்த கப்பி என்பவர் லண்டனுக்கு அனுப்பிய மீனுக்கு 1866-ஆம் ஆண்டில் அவருடைய பெயரையே வைத்தார்கள். கொசுப் புழுவைத் தின்னும் என்பதற்காகப் பல நாடுகளுக்குக் கொண்டு போனார்கள். அப்படித்தான் நம் லோங்காங்குகளிலும் இது துள்ளுகிறது.

இது முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும். சினை ஏறி மூன்று முதல் நான்கு வாரத்தில் இருபது, முப்பது, சில வேளை அதற்கு மேலும் போடும். பெண் மீனின் வயிறு உப்பி, வால் பக்கத்து அடிவயிற்றில் கரும்புள்ளி பெரிதானால் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். அப்போதே அதைப் பாசியும் நீர்ச்செடியும் நிறைந்த தனிப் பாத்திரத்தில் விடுங்கள். ஈன்றதும் தாயை எடுத்துவிடுங்கள். பெற்ற தாயே குஞ்சைத் தின்னும் சாதி இது!

குஞ்சுக்கு விடும் தண்ணீர் பழைய தொட்டித் தண்ணீராகவே இருக்கட்டும். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள். அதிலுள்ள குளோரின் மீனின் செவுளைச் சுட்டுவிடும். வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். சிங்கப்பூர் வாசகர்களுக்கு இது போதாது. அங்கே குளோரமின் கலப்பதால், மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கி மருந்தைச் சில சொட்டு விடுங்கள். தண்ணீர் பிடித்து வைக்கும் வாளியை மூடி வையுங்கள். மீன் வளர்க்கப் போய் ஏடிஸ் கொசுவை வளர்த்துவிடக் கூடாது அல்லவா? இரண்டு நாளுக்கு ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும்.

தீனி கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு மூன்று நான்கு வேளை. பெரிய மீனுக்குப் போடும் தீனியையே விரலால் நுணுக்கித் தூவலாம். அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் ஓர் அரிசியளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்தும் விடலாம். மிஞ்சினால் தண்ணீர் நாறிவிடும். தின்னாததை உடனே எடுத்துவிடுங்கள். நீங்கள் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு வேளை போட்டுவிட்டால், மற்ற வேளைகளைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

நான்காம் வாரம் ஆண் மீனுக்கு நிறம் தெரியத் தொடங்கும். வயிற்றடித் துடுப்பு குச்சி போல நீளும். அப்போதே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுங்கள். தவறினால் மூன்று மாதத்திற்குள் பேரப்பிள்ளைகள் வந்து பேசின் போதாமல் போகும்.

சரி, பெரிய தொட்டியில் எப்போது விடுவது? நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், தொட்டியிலுள்ள பெரிய மீனின் வாயைப் பாருங்கள். அந்த வாய்க்குள் நுழையாத அளவுக்குக் குஞ்சு வளர்ந்திருக்க வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில், ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் ஆனதும் விடலாம். நியோன் டெட்ரா, பிளாட்டி, மோலி, கோரிடோராஸ் ஆகியவை நல்ல அயலார். டைகர் பார்ப் வாலைக் கடிக்கும். ஏஞ்சல் மீனும் சண்டை மீனும் இருக்கும் தொட்டியில் விடவே வேண்டாம்.

விடும் நாளில் மாலையில் விளக்கை அணைத்துவிட்டு, குஞ்சுகள் உள்ள பிளாஸ்டிக் பையைத் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். பிறகு ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை அரைக் குவளைத் தொட்டி நீரைப் பைக்குள் ஊற்றுங்கள். நான்கைந்து முறை ஊற்றியதும் வலையால் அள்ளி விடுங்கள். பழைய மீன்களுக்கு முன்னதாகவே தீனி போட்டுவிட்டால் புதியவர்களைத் துரத்தாது.

இன்னும் இரண்டு சொல்லி முடிக்கிறேன். டிங்கி ஒழிப்புக்குப் புகையடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால், காற்று மோட்டாரை நிறுத்தி, தொட்டியை நன்றாக மூடி, புகை அடங்கும் வரை பொறுங்கள். அந்த மருந்து மீனுக்கு நஞ்சு. மிஞ்சிய மீன்களை ஆற்றிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். வெளியூர் மீன் பெருகினால் நம் ஊர் மீனுக்கு இடமில்லாமல் போகும்.

எங்கள் கதைக்கு வருவோம். ஏஞ்சல் மீன்களைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த ஈற்றில் பதினெட்டுக் குஞ்சுகள். எட்டு வாரமும் அந்தப் பேசினை நான் தொடவில்லை. வீடு கழுவ வேறொன்று வாங்கிக்கொண்டேன். தொட்டியில் விட்ட அன்றிரவு பையன் தூங்காமல் கண்ணாடியருகே நின்றான். காலையில் எண்ணிவிட்டு என்னை எழுப்பினான். "பதினெட்டும் இருக்கும்மா."

பிள்ளைகள் ஆறாம் ஆண்டு முடித்துப் பட்டணத்துப் பெரிய பள்ளிக்குப் போகும்போதும் இதை நினைத்துக்கொள்கிறேன். ஊற்றிவிட்டு வருவதற்கும், பழக்கிவிட்டு அனுப்புவதற்கும் வித்தியாசம் உண்டு.