விழுந்தாரா, அடிக்கப்பட்டாரா? மலை ஆஸ்பத்திரியில் பேனா யார் கையில்?

சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு, பழனி மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராக இருக்கிறேன் என்று சொன்னால் நம் தோழர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "பெரிய சேவை தோழர்" என்கிறார்கள் சிலர். "களத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டீர்களே" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சும் தவறு. ஏன் தவறு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் சேவை. நோய் வந்தவருக்கு வைத்தியம் கிடைப்பது உரிமை. அதைச் செய்கிறவர் வேலை செய்கிறார், சம்பளம் வாங்குகிறார். நானும் வாங்குகிறேன். அதற்குச் 'சேவை' என்று பெயர் வைத்தவுடன் கொடுக்கிறவர் ஒரு படி மேலே ஏறிவிடுகிறார், வாங்குகிறவர் கும்பிட வேண்டியவர் ஆகிவிடுகிறார். கும்பிட்டு நிற்கிறவரால் கேள்வி கேட்க முடியாது. தலைமுறை தலைமுறையாக நம்மைக் கும்பிட வைத்தவர்களின் சொல்லை நாமே ஒருவருக்கொருவர் பாராட்டாகச் சொல்லிக்கொள்ள வேண்டுமா?

அடுத்தது களம். இதற்குப் பதிலாக, நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மாத மழை. இரவு ஒன்பது மணி இருக்கும். எஸ்டேட் ஜீப்பில் ஒருவரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இடது முன்கை உடைந்து தொங்கியது, முதுகில் வரிவரியாகத் தடிப்பு. கூட்டிவந்த கங்காணிதான் பேசினார். "சில்வர் ஓக் மரத்துல மிளகு பறிக்க ஏறுனான் சார், வழுக்கி விழுந்துட்டான்." அடிபட்டவர் வாயே திறக்கவில்லை. அவர் மனைவி சுவரோரம் நின்றார். டியூட்டி டாக்டர் சமவெளியிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மிளகு பறிக்க மரம் ஏறி விழுந்தவர்கள் எங்களிடம் வருவது உண்டு, அவரும் கேள்விப்பட்டிருக்கிறார். விபத்துப் பதிவேட்டில், நாம் ஏ.ஆர். என்கிறோமே, அதில் 'மரத்திலிருந்து தவறி விழுந்ததாக' என்று எழுதி, மாவுக்கட்டு போட்டு, படுக்கையும் கொடுத்தார். வைத்தியத்தில் எந்தக் குறையும் இல்லை.

ரத்தத்தைத் துடைக்க வந்த துப்புரவுப் பணியாளர் அக்கா, வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏன் தம்பி, ஐப்பசியில ஏது மிளகு?"

கீழ்ப்பழனி மலையில் மிளகு பழுப்பது தை, மாசியில். எஸ்டேட் லயனில் பிறந்த ஒரு குழந்தைக்குக்கூட இது தெரியும். டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் தோன்றவில்லை. அக்கா சொன்ன பிறகு தோன்றியது. அப்போதும் நான் டாக்டரிடம் போகவில்லை. காலையில் அவரிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த எஸ்டேட் முதலாளி ஆஸ்பத்திரிக்கு நன்கொடை கொடுக்கிறவர் என்பதும் மனதில் ஓடியது. மறைக்க விரும்பவில்லை.

காலையில் படுக்கை காலி. "சொந்த ஊருக்குப் போறாங்களாம்" என்று விடிவதற்கு முன்பே அழைத்துப் போய்விட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அந்த மனைவி தன் தம்பியோடு என்னைத் தேடி வந்தார். பாக்கிக் கூலி கேட்டதற்காகக் கட்டிவைத்து அடித்திருக்கிறார்கள். புகார் கொடுக்கப் போன இடத்தில் சொன்ன பதில் ஒன்றுதான்: "டாக்டரே விழுந்ததுன்னு எழுதியிருக்காரே, நீ என்னம்மா புதுசா சொல்ற?"

தோழர்களே, களம் எங்கே இருக்கிறது என்று இப்போது சொல்லுங்கள்.

ஒரு வன்கொடுமை வழக்கின் முதல் காகிதம், பெரும்பாலும், முதல் தகவல் அறிக்கை இல்லை. அதற்கும் முன்னால் ஏதோ ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், அரைத் தூக்கத்தில் இருக்கும் ஒருவர் எழுதும் நான்கு வரிதான் முதல் காகிதம். 'தெரிந்த நபர்கள் மூவர் கம்பால் தாக்கியதாக' என்று எழுதினால் ஒரு வழக்கு. 'தவறி விழுந்ததாக' என்று எழுதினால் இன்னொரு வழக்கு, அல்லது வழக்கே இல்லை. காயச் சான்றிதழும் அங்கிருந்துதான் போகிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி, பாலியல் வன்கொடுமை வழக்கில் நிவாரணத்தின் முதல் பாதித் தொகை மருத்துவப் பரிசோதனையும் அதை உறுதிசெய்யும் அறிக்கையும் வந்த பிறகுதான். நாம் ஆர்ப்பாட்டத்தில் கேட்கிற நீதி, அந்த நான்கு வரி வழியாகத்தான் நடந்து வர வேண்டும்.

ஆஸ்பத்திரியும் சாதி நடமாடும் இடம்தான் என்பதைச் சட்டம் எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டது. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, தீண்டாமையின் பேரில் ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுப்பதை மட்டும் குற்றமாக்கவில்லை. சேர்த்த பிறகு பாகுபாடு காட்டுவதையும் குற்றமாக்கியது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் வந்த திருத்தம், ஆஸ்பத்திரிக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ நுழைவதைத் தடுப்பதைத் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஆனால் இன்று வாசலில் யாரும் தடுப்பதில்லை. ஓ.பி. சீட்டு எழுதும்போது "எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டு, "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று இரண்டாவது கேள்வி கேட்பார்கள். தோட்டக்காரர் வந்தால் "வாங்கய்யா, உட்காருங்க". அதே வயதில் லயனிலிருந்து ஒரு பாட்டி வந்தால் "ஏம்மா, தள்ளி நில்லு". இதை எந்தப் பிரிவில் புகார் செய்வீர்கள்?

மலை ஆஸ்பத்திரி என்றாலே எல்லாரும் சொல்வது "டாக்டர்கள் வருவதில்லை" என்ற ஒரே வரி. பாதி உண்மைதான். மலையிலும் எளிதில் போக முடியாத இடங்களிலும் வேலை பார்க்கும் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலை நீட் மதிப்பெண்ணில் ஆண்டுக்கு 10 சதவீதம், அதிகபட்சம் 30 சதவீதம் ஊக்க மதிப்பெண் தரும் விதி வந்தது. அரசுப் பணியில் உள்ளவர்களுக்குத் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றமும் 2020 ஆகஸ்ட் 31-இல் தீர்ப்பளித்தது. நல்ல விஷயங்கள்தான், நானும் ஆதரிக்கிறேன். ஆனால் இப்படி வருகிற டாக்டர் படிப்புக்குப் போவதற்காக வருகிறார். மூன்று ஐப்பசி பார்ப்பதற்குள் கிளம்பிவிடுவார். அவரைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. மிளகு எப்போது பழுக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தெரிந்த ஒருவர் அன்றைக்கு அதே அறையில் இருந்தார். கையில் துடைப்பத்தோடு இருந்தார். இருபது வருடமாக அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார். எந்த லயனில் யார் அடிப்பார், எந்தப் பெண் ஏன் மூன்றாவது முறையாக விஷம் குடித்தாள், எல்லாம் அவருக்குத் தெரியும். பிரசவ அறையில் நச்சுக்கொடியை அள்ளுவதும் அவர்தான், இறந்தவரைத் துடைத்துக் கட்டுவதும் அவர்தான். ஒப்பந்தக் கூலி. அவர் என்ன சாதி என்று நான் சொல்லவேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். அறிவு முழுக்கத் துடைப்பம் பிடிக்கிற கையில் இருக்கிறது, பேனா வேறு கையில் இருக்கிறது. 'ஆள் பற்றாக்குறை' என்ற பேச்சு இந்தப் பிரிவினையைத் தொடுவதே இல்லை.

இந்த மலைக்கு இது புதிதும் இல்லை. கொடைக்கானல் ஊர் உருவானதே உடல்நலத்துக்காகத்தான். சமவெளியின் வெக்கைக்கும் நோய்க்கும் தப்பிக்க, மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். மோட்டார் ரோடு வரும்வரை வெள்ளைக்காரர்களை நாற்காலியிலும் டோலியிலும் வைத்துத் தோளில் சுமந்து ஏற்றியவர்கள் கூலிகள். சுமந்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தபோது யார் சுமந்தார்கள் என்று எந்தச் சரித்திரத்திலும் இல்லை. வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பாதையில் இன்றைக்கு மலையேற்றக்காரர்கள் செல்பி எடுக்கிறார்கள். அந்தச் சரிவில் உள்ள வெள்ளகெவி, சின்னூர், பெரியூர் மக்கள் நோயாளியையும் கர்ப்பிணியையும் டோலி கட்டித் தூக்கிப்போகும் படங்கள் சமீப ஆண்டுகள் வரை செய்தித்தாளில் வந்துகொண்டிருந்தன. ஒருவருக்கு ரோடு வந்ததும் டோலி மறைந்தது. இன்னொருவருக்கு நூற்றி எழுபது வருடம் கழித்தும் டோலிதான் ஆம்புலன்ஸ்.

பாதரச ஆலை விவகாரம் உங்களில் பலருக்கு 2015-இல் சோபியா அஷ்ரப் பாடிய ராப் பாட்டு வழியாகத் தெரிந்திருக்கும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த தெர்மாமீட்டர் ஆலை அது. பிறகு யூனிலீவர் கைக்கு வந்து 2001 மார்ச்சில் மூடப்பட்டது. வேலை பார்த்தவர்கள் சிறுநீரகம் போச்சு, நரம்பு போச்சு என்றார்கள். ஆலைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்றே கம்பெனி சொல்லி வந்தது. தொழிலாளர்கள் உயர் நீதிமன்றம் போய், பத்து வருடம் கழித்து, 2016 மார்ச்சில் 591 பேருக்கு உடன்பாடு வந்தது. அதையும் கம்பெனி எந்தப் பெயரில் கொடுத்தது தெரியுமா? மனிதாபிமான அடிப்படையில். பார்த்தீர்களா, 'சேவை'யின் அண்ணன்தான் 'மனிதாபிமானம்'. வேலை பார்த்த நாளிலேயே தொழிலாளியின் பக்கம் நின்று ஒருவர் ஒவ்வொரு நோயையும் தேதி போட்டு எழுதி வைத்திருந்தால், அந்தச் சொல் அங்கே அவ்வளவு சுலபமாக நுழைந்திருக்காது.

சரி, பேனாவைக் கை மாற்ற முடியுமா? முடிந்த இடங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. கூடலூரில் ஆதிவாசிகள் முதலில் நிலத்துக்காகச் சங்கம் கட்டினார்கள், 1988-இல் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். அதன் பிறகுதான், 1990 தொடங்கி, அஸ்வினி என்ற அமைப்பும் ஆதிவாசி ஆஸ்பத்திரியும். அங்கே நர்சுகள் ஆதிவாசிப் பெண்கள். தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையடியில் சிட்லிங்கியில் லலிதா, ரெஜி என்ற மருத்துவ இணையர் 1993-இல் ஒரு குடிசையில் தொடங்கினார்கள். அவர்களும் உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து நர்சாக்கினார்கள். இரண்டு இடத்திலும் முதல் டாக்டர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் ராத்திரி டியூட்டியில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மொழியில் கேட்டு எழுதுகிறவர் அந்த மண்ணின் பெண். அப்படி ஒருத்தி அன்றைக்கு எங்கள் வார்டில் இருந்திருந்தால், ஐப்பசியில் மிளகு காய்த்திருக்காது.

கடைசியாக, நம்மைப் பற்றி. நம் இயக்கம் ஆஸ்பத்திரிக்கு எப்போது வருகிறது? பெரும்பாலும் பிணவறை வாசலுக்கு. உடலை வாங்க மாட்டோம் என்று உட்காருகிறோம். அது தேவைதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உயிரோடு வந்தவருக்குத் துணையாக, அந்த முதல் மணி நேரத்தில் நம்மில் யார் அங்கே இருக்கிறோம்?

மாணவத் தோழர்கள் செய்யக்கூடியது பெரிய காரியம் இல்லை. அடிபட்டவரோடு போங்கள். கூட்டிவந்த கங்காணியோ முதலாளியின் ஆளோ பேச விடாதீர்கள். "அவங்ககிட்ட தனியா கேளுங்க டாக்டர்" என்று மரியாதையாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள். யார் அடித்தார், எதனால் அடித்தார், எத்தனை மணிக்கு என்பதைப் பாதிக்கப்பட்டவர் வாயால் சொல்ல வையுங்கள். ஏ.ஆர். எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். துடைப்பம் பிடித்திருக்கும் அக்காவிடம் பேசுங்கள், அவருடைய ஒப்பந்தக் கூலிக்காகவும் கோஷம் போடுங்கள். படிப்பு முடிந்தால் பெருநகரத்து ஆய்வு நிறுவனத்துக்கு மட்டும் விண்ணப்பிக்காதீர்கள். நர்சாக, பதிவு எழுத்தராக, லேப் டெக்னீஷியனாக, சமூகப் பணியாளராக மலைக்கு வாருங்கள். வேலைக்கு வாருங்கள், சம்பளம் கேட்டு வாங்குங்கள். தயவுசெய்து சேவை செய்ய வராதீர்கள்.

அந்த மனைவியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். புது டாக்டர் வரும்போதெல்லாம் முதல் நாளே நான் ஒரு தாளைக் கொடுக்கிறேன். எந்த மாதம் காப்பிப் பழம், எந்த மாதம் மிளகு, எந்த மாதம் பூண்டு, எந்த மாதம் எஸ்டேட்டில் கூலி பாக்கி நிற்கும் என்று அதில் எழுதியிருக்கும். எழுதச் சொன்னது நான். ஒவ்வொரு வரியையும் சொன்னது அந்த அக்கா.