இம்பேர்மெண்ட்: குறை எங்கே இருக்கிறது?

பி.காம் படிப்பவர்களுக்கு 'இம்பேர்மெண்ட்' என்றதும் கணக்கியல் தரநிலை 28 ஞாபகத்துக்கு வரும். மற்றவர்களுக்கு 'விஷுவலி இம்பேர்டு', 'ஹியரிங் இம்பேர்டு'. எந்திரத்துக்கும் மனிதருக்கும் ஒரே சொல்லா என்று எனக்கு முதலில் கொஞ்சம் உறுத்தியது.

இதன் வேர் லத்தீனில் 'இன்னும் மோசமான' என்று பொருள்படும் ஒரு சொல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. திறன் அடியோடு இல்லாமல் போவதை அல்ல, குறைவதைத்தான் முதன்மையாகச் சொல்கிறது. கனடாவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் 'இம்பேர்டு டிரைவிங்' என்பார்கள். (நம்மூரில் 'டிரங்க் அண்ட் டிரைவ்' என்றால்தான் புரியும்!)

சரி, கணக்குக்கு வருவோம். ஓர் எந்திரத்தின் ஏட்டு மதிப்பு 10 லட்சம். விற்றால் செலவு போக 5 லட்சம் தேறும். வைத்து ஓட்டினால் இன்றைய மதிப்பில் 6 லட்சம் கிடைக்கும். இரண்டில் பெரியது 6 லட்சம். மீதி 4 லட்சம் இம்பேர்மெண்ட் நட்டம். தேய்மானம் வேறு, இது வேறு. ஆடியோ கேசட் செய்யும் எந்திரத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு போல்ட்கூடக் கழன்றிருக்காது. ஆனால் கேசட் வாங்க ஆளில்லை. குறை எந்திரத்தில் இல்லை, வெளியே இருக்கிறது. தரநிலையே வெளிக்காரணம், உட்காரணம் என்று இரண்டையும் பார்க்கச் சொல்கிறது.

மனிதர் விஷயத்தில் இந்த வெளிக்காரணத்தை நாம் பார்ப்பதே இல்லை. பிரிட்டனில் 1970-களில் உடற்குறையுள்ளவர்களே நடத்திய ஓர் இயக்கம், தன் பெயரிலேயே 'இம்பேர்டு' என்று வைத்துக்கொண்டது. உடம்பில் உள்ளது இம்பேர்மெண்ட், அதன் மேல் சமூகம் சுமத்துவது டிஸெபிலிடி என்று 1976-ல் பிரித்துச் சொன்னது. நம் 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் நீண்டகாலக் குறைபாட்டோடு தடைகளும் சேர்ந்துதான் ஒருவரின் பங்கேற்பைத் தடுக்கிறது என்கிறது.

தமிழில் இரண்டையும் 'ஊனம்' என்றே சொல்லி வந்தோம். 'மாற்றுத்திறனாளி' மரியாதையான சொல், சந்தேகமில்லை. ஆனால் அதில் குறைபாடும் தெரிவதில்லை, தடையும் தெரிவதில்லை. உடம்பைச் சொல்லும்போது 'பார்வைக் குறைபாடு' என்று நேராகச் சொல்வதில் தப்பில்லை என்பது என் கட்சி. காது கேளாதோர் மட்டும் விதிவிலக்கு. சைகை மொழி பேசும் தனிச் சமூகமாகத் தங்களைக் கருதுவதால், அவர்களுடைய உலகக் கூட்டமைப்பு 'ஹியரிங் இம்பேர்டு' என்பதை ஏற்பதில்லை. அவர்கள் சொல்வதே சரி.

எங்கள் வகுப்பில் பார்வையில்லாத நண்பர் ஒருவர் இருக்கிறார். டைப் செய்த நோட்ஸை அவருடைய லேப்டாப் கடகடவென்று வாசித்துவிடும். கையால் எழுதி போட்டோ எடுத்து அனுப்பினால் உளறும். இரண்டு நாளும் அவர் கண் அதே கண்தான். காஸ்டிங் நோட்ஸ் இன்னும் போட்டோவாகத்தான் கிடக்கிறது. மொத்தம் 5 யூனிட். முதல் யூனிட்டை நான் டைப் செய்கிறேன், மிச்சம் நான்கை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் மக்களே?